‘புது மாடல்’ லேப்டாப்புக்குள் இருக்கும் பழைய பிராசசர்

களக்காட்டைச் சேர்ந்த வாழை விவசாயி ஒருவர், பொறியியல் படிக்கும் தம் மகளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள என் சர்வீஸ் கடைக்கு வந்தார். வாங்கி மூன்று மாதமே ஆன லேப்டாப்பில் முப்பரிமாண வரைபட மென்பொருளைத் திறந்தால் அது அப்படியே நின்றுவிடுவதாகவும், ரேமைக் கூட்டித் தர வேண்டும் என்றும் அந்தப் பெண் கேட்டாள். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது கூடுதல் ரேம் போட ஸ்லாட்டே இல்லை. 8 ஜிபியும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. “ரைசன் 5, ஏழாயிரம் சீரிஸ், புது மாடல்னுதானே அண்ணாச்சி கடையில சொன்னாங்க?” என்றார் தந்தை. கடையில் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்ல வேண்டிய பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த லேப்டாப்பின் மூளையான பிராசசர், ரைசன் 5 7520யூ. ஏஎம்டி நிறுவனத்தின் 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் முதல் எண் வெளியீட்டு ஆண்டையும், மூன்றாவது எண் உள்ளே இருக்கும் வடிவமைப்பையும் குறிக்கும். 7520 என்பதில் மூன்றாவது எண் 2. அதாவது 2019இல் வந்த ‘ஜென் 2’ என்ற வடிவமைப்பு. அதில் நான்கு கோர்கள், அதாவது தனித்தனியே வேலை செய்யும் நான்கு கணிப்பகுதிகள். 7530யூ என்றால் ஜென் 3, 7540யூ என்றால் ஜென் 4. இவை இரண்டிலும் ஆறு கோர்கள். மூன்றின் மேலும் ‘ரைசன் 5’ என்றே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 7520யூ விரிதாளில் கணக்குப் பார்ப்பதற்கும் ஆன்லைன் வகுப்புக்கும் போதுமானதுதான். பொறியியல் மாணவிக்கு அதைக் கொடுத்ததுதான் தவறு.

இன்டெல்லிலும் இதே குழப்பம் உண்டு. ஐ7 என்றாலே ஐ5ஐவிட வேகம் என்று நம்பி வருகிறவர்களிடம், எண்ணின் கடைசியில் உள்ள எழுத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 15 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்ட ஐ7 1355யூவில் வேகமான கோர்கள் இரண்டுதான். 45 வாட் ஐ5 13500எச்சில் அவை நான்கு. கடினமான வேலை தொடர்ந்து நடக்கும்போது பின்னதே தாக்குப்பிடிக்கும். பதிலுக்குச் சூடும் கூடும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். 2023 டிசம்பரில் ‘கோர் அல்ட்ரா’ வந்த பிறகு இன்டெல்லின் புதிய பெயர் முறையில் ‘ஐ’ என்ற எழுத்து இல்லை. ஆனால் அல்ட்ரா என்ற சொல் இல்லாத கோர் 5 120யூ, 13ஆம் தலைமுறை வடிவமைப்பின் தொடர்ச்சியே.

இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பார்த்து, நிறுவனங்களின் போட்டியே நமக்குக் கேடு என்று நான் சொல்லமாட்டேன். ரைசன் 2017 மார்ச்சில் வரும்வரை, இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் வரிசை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நான்கு கோரைத் தாண்டவில்லை. ரைசன் எட்டு கோர்களோடு வந்த அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் ஆறு கோர் கொடுத்தது. இன்று பாளையங்கோட்டையில் ஒரு சிறிய போட்டோ ஸ்டுடியோகூட வீடியோ எடிட்டிங் செய்ய முடிவதில் அந்தப் போட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் பிராசசரைவிட மதர்போர்டின் சிப்செட்டையும் (போர்டின் மற்ற பாகங்களை இணைக்கும் சிப்), சாக்கெட்டையும் (பிராசசர் பொருந்தும் இடம்) அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டவுனில் உள்ள ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்துக்கு 2018 கடைசியில் பி450 சிப்செட் போர்டில் ரைசன் 5 2400ஜி போட்டுக் கொடுத்திருந்தேன். ஆண்டுகள் கழித்து வேகம் போதவில்லை என்றபோது, முதலில் போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதே ஏஎம்4 சாக்கெட்டில் 5600ஜியை மாட்டினேன். போர்டு, ரேம், கேபினெட் எதையும் மாற்றவில்லை. இதற்கிடையில் இன்டெல் பக்கம் 1151, 1200, 1700 என்று சாக்கெட் மாறி, 2024 அக்டோபரில் 1851 வந்துவிட்டது. ஆகவே, புதிதாக வாங்குகிறவர் அடுத்த பிராசசரும் இதே போர்டில் ஏறுமா என்று கேட்டேயாக வேண்டும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்னழுத்தம் மிகுதியாகப் போய் அந்தச் சிப்களில் சில நிலைகுலைவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து திருத்தங்களை வெளியிட்டது; வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பயாஸைப் புதுப்பிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

குவால்காமின் ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ள லேப்டாப்களைப் பற்றியும் ஆடிட்டர்கள் கேட்கிறார்கள். பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அது இன்டெல், ஏஎம்டி பிராசசர்களிலிருந்து வேறுபட்ட ‘ஆர்ம்’ வகை. பழைய மென்பொருள்கள் பல ஓடினாலும், பிரிண்டர் போன்ற சாதனங்களை இயக்கும் டிரைவர்கள் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் பழைய பிரிண்டரையும் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பிராசசரின் முழுப் பெயரைப் பாருங்கள். அதே எண்ணைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். களக்காட்டு விவசாயியின் பில்லை வாங்கிப் பார்த்தேன். ‘ரைசன் 5 லேப்டாப், 1’ என்று மட்டுமே இருந்தது. அதை வைத்துக்கொண்டு கடையில் போய்க் கேட்க அவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.