குலுக்கலில் தேர்வான 320 கிராமங்கள்

1994 டிசம்பரில் மெக்சிகோவின் நாணயமான பெசோ சரிந்ததும் அந்நாட்டில் வறுமை கடுமையாகப் பெருகியது. அரசு அதுவரை வழங்கிவந்த மக்காச்சோள ரொட்டி, பால் மானியங்களின் பலன் பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட, வறுமை மிகுந்த கிராமங்களுக்குச் சொற்பமே போய்ச் சேர்ந்தது. இதற்கு மாற்றாக, நிதித்துறைத் துணை அமைச்சராக இருந்த பொருளியலாளர் சாந்தியாகோ லெவியின் முயற்சியில் 1997இல் 'புரோகிரெசா' திட்டம் பிறந்தது. பிள்ளைகள் தவறாமல் பள்ளிக்குச் சென்று, குடும்பத்தினர் சுகாதாரப் பரிசோதனைக்கும் வந்தால், தாயின் கையில் நேரடியாகப் பணம் கொடுக்கப்பட்டது.

எல்லாக் கிராமங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க நிதி போதவில்லை. எப்படியும் சில ஊர்கள் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதால், காத்திருப்பது யார் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 506 கிராமங்களில் 320 கிராமங்கள் 1998இலேயே பணம் பெறத் தொடங்கின. மற்ற 186 கிராமங்கள் 1999 இறுதிவரை காத்திருந்தன. இந்த இடைவெளியே ஆய்வுக்கு உயிர். நெருக்கடியிலிருந்து பொருளாதாரம் மீண்டுகொண்டிருந்த காலத்தில், திட்டத்துக்கு முன், பின் என்று மட்டும் ஒப்பிட்டிருந்தால், இயல்பாக வந்த முன்னேற்றமும் திட்டத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும். அதே மழையையும் அதே விலைவாசியையும் சந்தித்த 186 கிராமங்கள் அருகிலேயே இருந்ததால், திட்டத்தால் விளைந்தது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

மதிப்பீட்டுப் பணி வாஷிங்டனில் உள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 6ஆம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் மேற்கொண்டு படிப்பைத் தொடரும் விகிதம் சுமார் 15 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருந்தது. படிப்பை நிறுத்தும் ஆபத்து அந்தக் கட்டத்தில்தான் அதிகம் என்று கருதி, மேல்வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை ஒதுக்கியிருந்தார்கள். தேர்வு மதிப்பெண்களில் மட்டும் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. இந்த முடிவும் மற்றவற்றுக்கு நிகராக முக்கியமானது என்றே கருதுகிறேன்: பிள்ளைகளைப் பள்ளிவரை கொண்டுவரப் பணத்தால் முடிந்தது, வகுப்பறைக்குள் கற்பித்தலைச் சீராக்குவது அதன் வரம்புக்கு அப்பாற்பட்ட வேலை.

2000இல், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றது. முந்தைய ஆட்சியின் நலத்திட்டத்தைப் புதிய ஆட்சி கைவிடுவது அங்கே பழகிப்போன ஒன்று. ஆனால் விசென்டே ஃபாக்ஸ் பதவியேற்றபோது வெளியார் நடத்திய மதிப்பீட்டின் முடிவுகள் தயாராக இருந்தன. திட்டத்தை நிறுத்துவதற்கு வலுவான காரணம் காட்டுவது கடினமாயிற்று. திட்டம் நகரங்களுக்கும் விரிந்து, 2002இல் 'ஓபோர்துனிதாதெஸ்' எனப் பெயர் மாறியது. ஆய்வு முடிவுகள் ஐந்தாண்டு தாமதித்து வந்திருந்தால் காப்பாற்றுவதற்குத் திட்டமே இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

சமூகத் திட்டங்களின் மதிப்பீட்டை 2004இல் மெக்சிகோ சட்டக் கடமையாகவே ஆக்கியது. அப்படியும் 2019இல், லோபெஸ் ஒப்ரதோர் அரசு இத்திட்டத்தை முடித்துவைத்தது; கல்வி உதவித்தொகை வேறு பெயரில் தொடர்ந்தது, பணத்தோடு சுகாதாரப் பரிசோதனையைப் பிணைத்திருந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.