"மோஷன் போச்சா?"

காலை ஐந்தரைக்கு வார்டில் விளக்கைப் போட்டதும் சிஸ்டர் படுக்கை படுக்கையாக வருவார். காய்ச்சல் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: "மோஷன் போச்சாம்மா?" போனது என்றால் சார்ட்டில் ஒரு டிக். மூன்று நாளாகப் போகவில்லை என்றால் ரவுண்ட்ஸில் அதுதான் பேச்சு.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷத்தில் இந்தக் கேள்வியை நானும் நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் நைட் முடியும் நேரத்தில், சார்ட் எழுதிக்கொண்டிருந்த சிஸ்டரிடமே விளையாட்டாகக் கேட்டேன். "எனக்கா? ஆஃப் அன்னிக்குத்தான் டாக்டர்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. சிரித்தேன். என் கதையும் அதேதான்.

ஏன் ஆஃப் நாளில் மட்டும்? இதைப் புரிந்துகொள்ளப் பெருங்குடலின் அன்றாட வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் சாப்பிடுவது, குடிப்பது, எச்சில், இரைப்பை நீர், பித்தநீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்கு வருகிறது. பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் ஒன்றரை லிட்டர் போலப் பெருங்குடலுக்குள் கூழாக இறங்கும். அங்கே மறுபடியும் தண்ணீர் வடிக்கப்பட்டு, மலத்தோடு வெளியே போகும் நீர் 100, 200 மில்லி அளவுதான். அதாவது பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பிழியும் குழாய். சரக்கு உள்ளே எத்தனை நேரம் தங்குகிறதோ அத்தனைக்கு அத்தனை காயும்.

பெரும்பாலான நேரம் இந்தக் குழாய் சரக்கை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டுதான் இருக்கும். நாளில் சில முறை மட்டும் நீளமான, பலமான ஒரு அலை கிளம்பிச் சரக்கை மொத்தமாக மலக்குடல் பக்கம் தள்ளும். இந்த அலை எப்போது வரும் என்பதுதான் விஷயம். தூங்கும்போது பெருங்குடலும் ஏறக்குறைய தூங்குகிறது. கண் விழித்ததும் அலைகள் எழும். இரைப்பைக்குள் சாப்பாடு விழுந்ததும் இன்னொரு முறை எழும். மேலே சரக்கு வந்துவிட்டது, கீழே இடம் காலி பண்ணு என்று இரைப்பை அனுப்பும் தகவல் அது. காபி இந்த வேலையை இன்னும் சுறுசுறுப்பாகச் செய்கிறது. காஃபீன் நீக்கிய காபிக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு என்பதால் காஃபீன் மட்டுமே காரணமில்லை.

ஆக, விழிப்பு, காபி, இட்லி மூன்றும் வரிசையாக வரும் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் பெருங்குடலுக்கு முகூர்த்த நேரம்.

அதே ஆறிலிருந்து எட்டு வரை வார்டில் என்ன நடக்கிறது? ரத்த சாம்பிள், சுகர் டெஸ்ட், காலை ஊசி, யூரின் பையின் அளவு, சார்ட், ஹேண்டோவர். நைட் பார்த்தவருக்கு இடுப்பை நிமிர்த்த நேரமில்லை. டே ஷிஃப்ட்டுக்கு வர வேண்டியவரோ அந்நேரம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் அவசரமாகக் குடித்த காபி பாதி வழியில் வேலையைக் காட்டும். வேறு எந்தத் தொழிலிலும் ஷிஃப்ட் மாறும் நேரம் குடலின் அவசரத்தோடு இவ்வளவு துல்லியமாக மோதுமா என்று தெரியவில்லை.

சரி, அடக்குகிறோம். உள்ளே என்ன ஆகிறது?

மலக்குடலுக்குள் சரக்கு வந்ததும் அதன் சுவர் விரியும். ஆசனவாய்க்கு இரண்டு பூட்டுகள். உள்பூட்டு நம் பேச்சைக் கேட்காது, சுவர் விரிந்ததும் தானாகச் சில நொடி தளரும். அந்தச் சில நொடியில் சரக்கின் நுனி கொஞ்சம் இறங்கி, ஆசனவாயின் மேற்பகுதியில் இருக்கும் நுண்ணுணர்வுத் தோலைத் தொடும். வந்திருப்பது காற்றா, தண்ணியா, கட்டியா என்று அந்தத் தோல் சோதித்துச் சொல்லிவிடும். கூட்டமான லிஃப்டில் நின்றபடி காற்றை மட்டும் நைசாக விட முடிவது இந்தச் சோதனையின் புண்ணியத்தால்தான். வெளிப்பூட்டுதான் நம் வசம். 'இப்போது முடியாது' என்று அதை இறுக்கினால் மலக்குடலின் சுவர் நெகிழ்ந்து கொடுத்து, சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நிமிடத்தில் அவசரம் அடங்கிவிடும். அப்பாடா என்றிருக்கும். சரக்கு மட்டும் அங்கேயேதான் இருக்கிறது, காய்ந்துகொண்டு.

ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் இதே கதை என்றால் குடல் பாடம் கற்றுக்கொள்ளும். 1990இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், மலச்சிக்கல் இல்லாத 12 இளைஞர்களிடம் ஒரு வாரம் முடிந்தவரை அடக்கச் சொன்னார்கள். போகும் தடவை குறைந்தது மட்டுமில்லை, பெருங்குடலில் சரக்கு நகரும் வேகமே குறைந்துபோனது. மலச்சிக்கல் பழக்கத்தாலும் வரும் என்பதற்கு இதைவிட நேரான சோதனை வேண்டாம். வருஷக்கணக்கில் அடக்குகிறவர்களுக்கு மலக்குடலின் உணர்வும் மழுங்கலாம், நிறையச் சேர்ந்தால்தான் அது வாயைத் திறக்கும். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத 14 வேகங்களில் மலத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கமும் அந்தப் பட்டியலில் உண்டு. நைட் டூட்டி பார்ப்பவர் ஒரே இரவில் அதில் பாதியை மீறிவிடுவார்.

காய்ந்த சரக்கு எப்படி இருக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆட்டுப் புழுக்கை மாதிரி. மருத்துவத்தில் இதற்கு அளவுகோலே உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஸ்டீபன் லூயிஸ், கென் ஹீட்டன் இருவரும் 1997இல் வெளியிட்ட பிரிஸ்டல் அட்டவணையில் மலத்துக்கு 7 வகை. புழுக்கை முதல் வகை, வெறும் தண்ணி ஏழாவது. வழவழவென்று வாழைப்பழம் போல வரும் நாலாவதுதான் சௌக்கியம். அதே ஹீட்டன் குழு 1992இல் அந்த ஊர் மக்களை ஆராய்ந்தபோது, தினமும் ஒரு முறை ஒழுங்காகப் போகிறவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 33 சதவீதம்தான் என்று கண்டது. அதனால் ஒரு நாள் போகவில்லை என்று பதறத் தேவையில்லை. நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான், முக்காமல் போனால்.

சிலருக்கு இது தலைகீழ். நைட் வாரத்தில் வயிறு உப்பும், வலிக்கும், மூன்று முறை ஓட வைக்கும். உடலில் கடிகாரம் ஒன்றல்ல. மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, கல்லீரலும் குடலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்குப் பார்சல் பரோட்டாவைப் பிரித்தால் இரண்டும் ஆளுக்கொரு நேரம் காட்டும். இரவில் இரைப்பை கட்டியான உணவை மெதுவாகத்தான் கீழே இறக்கும் என்பதால், அந்த பரோட்டா விடியும்வரை நெஞ்சிலேயே நிற்கும். அமெரிக்காவில் 399 செவிலியர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், வயிற்று வலியோடு மலம் போகும் பழக்கமும் மாறிப்போகும் எரிச்சல் குடல் தொல்லை (ஐ.பி.எஸ்.) டே ஷிஃப்ட்டில் 31 சதவீதம் பேருக்கு, நைட்டில் 40, ஷிஃப்ட் மாறி மாறிப் பார்த்தவர்களில் 48. எப்போதும் நைட் பார்ப்பவரைவிட, இந்த வாரம் நைட் அடுத்த வாரம் டே என்று அலைகிறவருக்குத்தான் அதிகம். கடிகாரம் பழகி முடிப்பதற்குள் மறுபடியும் மாற்றிவிடுகிறோம்.

மலச்சிக்கலுக்கு நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பார்கள். பாதி உண்மை. குடித்தால் யூரின் வரும், யூரின் வந்தால் டாய்லெட் போக வேண்டும், அதற்குப் பயந்துதான் பல சிஸ்டர்கள் பாட்டிலையே தொடுவதில்லை. நான் இருந்த ஒரு வார்டில் ஸ்டாஃப் டாய்லெட் என்று பலகை மாட்டிய அறைக்குள் உடைந்த டிரிப் ஸ்டாண்டும் அட்டைப்பெட்டிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. இன்னொன்றுக்கு இரண்டு மாடி இறங்க வேண்டும். அந்த அறையைக் காலி பண்ணாமல் கீரை சாப்பிடச் சொல்லி அறிவுரை வழங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனாலும் கையில் இருப்பதை வைத்துக் கொஞ்சம் ஏமாற்றலாம். குடலுக்கு மணி முக்கியமில்லை, வரிசை முக்கியம். நைட் முடித்துத் தூங்கி மதியம் இரண்டுக்கு எழுந்தால் அதுதான் அன்றைய காலை. சூடாக ஏதாவது குடித்து, சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்துப் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் குட்டி முக்காலி போடுங்கள். உட்காரும்போது மலக்குடலுக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு வளைவை ஒரு தசை இழுத்துப் பிடித்திருக்கும். முழங்கால் மேலே வந்தால் அது தளர்ந்து வழி நேராகும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், போன் வெளியே இருக்கட்டும். கொய்யா, கீரை, பயறு உதவும். இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியைப் போட்டால் ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே அடைக்கும்.

ரத்தம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, இதெல்லாம் வேறு கணக்கு. நோயாளி வந்து சொன்னால் உடனே பரிசோதித்து, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுப்போம். நமக்கு வந்தால் மூலமாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டி, கூடப் படித்தவனிடம் வாட்ஸப்பில் களிம்பின் பெயர் கேட்போம். கீழே ஓ.பி.யில் சீட்டு போட ஐந்து நிமிடம்தான் ஆகும்.