தடுப்பூசி போட்ட பிறகும் கோழிகள் ஏன் சாகின்றன?

"போன வாரம்தான் மருந்து போட்டோம், இந்த வாரம் ஒவ்வொன்றாகத் தலை சாய்கிறது" என்பது, புறக்கடையில் பத்து இருபது கோழிகள் வளர்ப்பவர்களிடமிருந்து கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் குறை. மருந்தின் மீது பழி போடுவதற்கு முன், அது எந்த நாளில், எந்த நிலையில் கோழிக்குள் சென்றது என்று விசாரித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ராணிக்கெட் நோய் எனப்படும் வெள்ளைக்கழிச்சலை எடுத்துக்கொள்வோம். இதன் வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி தெரிவதற்கு 2 முதல் 15 நாட்கள் வரை ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள். தடுப்பு மருந்து போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாகவோ ஒன்றிரண்டு வாரங்கள் வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழி செத்த செய்தி கேட்டு ஓடிவந்து மருந்து போடும்போது, வைரஸ் நம் கூண்டுக்குள் ஏற்கெனவே வந்திருந்தால், அந்த ஓட்டத்தில் அதுவே முந்துகிறது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து திருகிக்கொள்ளுதல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியவை தோன்றிவிட்ட கோழியை மீட்கும் மருந்து எதுவும் இல்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்வதில்லை என்று தெரிந்தும் அவற்றைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது காசுக்கும் கேடு, பின்னாளில் அந்த மருந்துகளின் பலனுக்கும் கேடு.

ஆகவே நோய் இல்லாத காலமே தடுப்பூசிக்குரிய காலம். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தையொட்டி லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் சற்று வீரியமான திரிபு கொண்ட ஊசி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. அந்த ஊசி மருந்தை இளங்குஞ்சுகளுக்குப் போட்டால் மருந்தே நோயாக மாறக்கூடும் என்பதால், எட்டு வாரம் நிறையும்வரை பொறுப்பது அவசியம்.

புறக்கடை வளர்ப்பில் நான் கண்ட பெரிய சிக்கல் குப்பியின் அளவுதான். சிறிய குப்பியே பெரும்பாலும் நூறு கோழிகளுக்கானது. வீட்டில் இருப்பதோ பன்னிரண்டு. மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த மாதம் பொரிக்கும் குஞ்சுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். உறைநிலையில் உலர்த்திய மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காத்து, ஐஸ் நிரப்பிய பெட்டியில் கொண்டுவர வேண்டும்; கரைத்தபின் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மணி நேரமே. அதன்பிறகு சொட்டுவது வெறும் நீர். இதற்கு ஒரே வழி, அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது. செலவு பகிரப்படுவதோடு, நோய் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குத் தாவும் வாய்ப்பும் குறைகிறது. கோழிகள் அடைந்திருக்கும் அதிகாலை அல்லது இரவு நேரம் இதற்கு வசதி. மரத்தில் அடையும் ஒன்றிரண்டை விட்டுவிடக் கூடாது. சொட்டு கண்ணுக்குள் இறங்கும்வரை கோழியைப் பிடித்திருக்க வேண்டும். குடிநீரில் கலப்பதானால் குளோரின் கலந்த நீர் மருந்தைக் கொன்றுவிடும். சுத்தமான நீரில் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, கோழிகளைச் சற்றுத் தாகத்துடன் விட்டுக் குடிக்கச் செய்யலாம். ஆனால் சிறிய மந்தைக்குச் சொட்டு முறையே சிறந்தது, ஒவ்வொரு கோழிக்கும் மருந்து சேர்ந்ததை நாமே பார்க்கிறோம்.

அம்மை நோயின் கதை வேறு. கொசுக்கடியாலும் காயங்கள் வழியாகவும் மெல்லப் பரவுவதால், ஓரிரு கோழிகளின் கொண்டையில் கொப்புளம் கண்டபின்னும் மற்றவற்றுக்கு மருந்து போடுவதில் பயன் உண்டு. இறக்கைச் சவ்வில் குத்திய இடத்தில் 7 முதல் 10 நாட்களுக்குள் சிறு வீக்கமோ பொருக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருந்து பிடிக்கவில்லை, மீண்டும் போட வேண்டும். கால் வாதமும் கட்டிகளும் உண்டாக்கும் மேரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான மருந்து பொரித்த முதல் நாளிலேயே போடவேண்டியது என்பதால், வீட்டில் அடைவைத்த குஞ்சுகள் அதைத் தவறவிட்டுவிடுகின்றன. இரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியால் வருவது. ராணிக்கெட் மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஈரமில்லாத தரையே அதற்கு முதல் காப்பு.

வெளியிலிருந்து வாங்கும் கோழியை அன்றே கூட்டத்தில் விடுவது, தடுப்பூசி முயற்சி முழுவதையும் வீணாக்கும் பழக்கம். தனி இடம், தனித் தண்ணீர்ப் பாத்திரம் என்று 30 நாட்கள் வைத்திருந்து, நாள்தோறும் மற்றக் கோழிகளைப் பார்த்தபின் கடைசியாக அதைக் கவனித்துவிட்டுக் கைகால் கழுவுங்கள். நோய் கண்டதும் மிச்சக் கோழிகளை அவசரமாகச் சந்தையில் விற்பவர்களிடம் எனக்கு மென்மையாகப் பேச வருவதில்லை. அடுத்த ஊருக்கு நோயை ஏற்றி அனுப்பும் செயல் அது. இறந்தவற்றை வாய்க்காலில் வீசாமல், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

ஓரிரு நாளில் பல கோழிகள் திடீரென்று இறந்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது அறுக்கவோ உண்ணவோ வேண்டாம். வெறும் கையால் தொடாமல், உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்துவிட்டு, அவர்கள் வரும்வரை மீதமுள்ள கோழிகளை அடைத்தே வைத்திருங்கள்.