தனியாகப் போகிறவருக்கு எந்தப் பழைய பாய்ப்படகு?

பழைய பாய்ப்படகைப் பார்க்க வரச்சொல்கிறவர்கள் பெரும்பாலும் காலை ஏழு மணிக்குத்தான் வரச்சொல்வார்கள். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம் சார் என்பார்கள். அந்த நேரத்தில் காற்று மெல்ல வீசும், துறைமுகத்துக்குள் தண்ணீர் அசையாது, எந்தப் படகும் நல்ல படகாகத்தான் தெரியும். பகல் இரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப்பாருங்கள். அதற்கு விற்பவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ராயபுரம், காசிமேடு பக்கம் ஃபைபர் படகுகளுக்குப் பழுது பார்ப்பதும், வாங்குவதற்கு முன்னால் படகைச் சோதித்துச் சொல்வதும் என் தொழில். மீன்பிடி ஃபைபர்கள்தான் அதிகம் வரும். ஆனால் சில வருடங்களாகப் பாய்ப்படகு கேட்டு வருகிற இளைஞர்களும், ஓய்வுபெற்றவர்களும் கூடிவிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இது எவ்வளவு வேகம் போகும்?" தனியாகப் போகிறவர் கேட்கவேண்டிய கேள்வி அது இல்லை. கவிழ்ந்தால் நான் ஒருத்தனே நிமிர்த்திக் கரைக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி.

வடசென்னையில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கரையைப் பார்த்தால் புரியும். துறைமுகத்தின் தடுப்புச்சுவர் எழும்பிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தேங்கியது. மெரினா அகலமானது, இந்தப் பக்கம் கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவராகத் தூண்டில் வளைவு போட்டார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணலில் படகை ஏற்றலாம் என்று தேடினால் அங்கங்கே ஒரு துண்டுதான் கிடைக்கும், மீதியெல்லாம் பாறாங்கல். மே முதல் ஆகஸ்ட் வரை காலையில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். அந்த நேரத்தில் படகில் ஏதாவது உடைந்தால் அது உங்களை நடுக்கடலுக்குத் தள்ளும். பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் கடற்காற்று புகுந்து தென்கிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும். அப்போது உடைந்தால் அது உங்களைக் கல்லில் கொண்டுபோய் மோதும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஆபத்து.

கடற்காற்று சாதாரணமாக 10 முதல் 15 நாட் இருக்கும், சில நாள் அதையும் தாண்டும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரட்டிப்பானால் பாயில் விழும் அழுத்தம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. 10 நாட் காற்றில் சிரித்துக்கொண்டே ஓட்டிய படகு 20 நாட் காற்றில் வேறு படகு. ஆகவே நீங்கள் வெளியே போக நினைக்கும் மிகக் கடுமையான நாளுக்குத் தக்கபடி படகைத் தேர்ந்தெடுங்கள்.

நம் ஊரில் பழையதாகக் கைமாறும் சின்னப் பாய்ப்படகுகளில் தனி ஆளுக்கு முதலில் நான் சொல்வது லேசர். 2019க்குப் பிறகு அதற்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர். நீளம் 4.2 மீட்டர் சொச்சம், வெறும் உடல் சுமார் 59 கிலோ. ஒரே பாய், ஒரே ஆள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, ஒரே உடலில் மூன்று அளவுப் பாய் மாட்டலாம் என்பது: 7.06 சதுர மீட்டர், 5.76, 4.7. பாய்மரத்தின் கீழ்த்துண்டை மட்டும் மாற்றினால் போதும், மேல்துண்டு பொது. எழுபது கிலோவுக்குக் கீழே இருப்பவர் இந்தக் கடற்காற்றில் தனியாகப் போகிறார் என்றால் நடு அளவுதான் சரி. பெரிய பாய் மாட்டாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஆண்களை நிறையப் பார்க்கிறேன். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது அந்த நடு அளவுப் பாயில்தான். இந்தியாவிலிருந்து பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் பெண் அவர். அவருக்குப் போதுமானது நமக்குப் போதாதா?

எண்டர்பிரைஸ், ஜி.பி.14 இரண்டும் மலிவாகக் கிடைக்கும். நல்ல படகுகள்தான், ஆனால் இருவருக்கானவை. ஜி.பி.14இன் உடல் மட்டுமே 133 கிலோ. கவிழ்ந்து நிமிர்ந்தால் உள்ளே தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கும். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் மொள்ள வேண்டும். தனி ஆள் எதைச் செய்வது? அதற்குள் அடுத்த அலை படகை நிரப்பிவிடும். இரட்டை உடல் ஹோபி 16 இன்னும் மோசம். பார்க்க அழகு, பறக்கும், ஆனால் கவிழ்ந்தால் ஒரு சராசரி ஆளின் எடைக்கு அது எழுந்திருக்காது. கூட்டாளி இருந்தால் வாங்குங்கள்.

அப்புறம் ஒரு கூட்டம் இருக்கிறது. காசிமேட்டில் பழைய மீன்பிடி ஃபைபர் ஒன்றை வாங்கி, அதில் பாய்மரம் நட்டுவிடலாம் என்று வருவார்கள். அலைமேல் ஓடிக் கரையேறுவதற்காகத் தட்டையாகச் செய்த அடி அது. லேசருக்கு இருப்பதுபோல அடியிலிருந்து நீருக்குள் இறங்கிப் பிடித்து நிறுத்தும் பலகை கிடையாது. காற்றை எதிர்த்துப் போகாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். நம் பழைய கட்டுமரத்துக்கே முக்கோணப் பாய் விரித்தபோது பக்கத்தில் பலகை இறக்கித்தான் ஓட்டினார்கள். கட்டுமரத்தில் இன்னொரு நல்ல குணம், மேலே ஏறிய தண்ணீர் மரங்களுக்கு நடுவே தானாக வடிந்துவிடும். தனியாகப் போகிறவர் வாங்கும் படகுக்கும் அந்தக் குணம் இருக்க வேண்டும்.

சரி, படகைப் பார்க்கப் போகிறீர்கள். என்ன கொண்டுபோவது? ஒரு எடைத் தராசு, ஒரு வாளி, சோப்புத் தண்ணீர், ஒரு ரூபாய் நாணயம். நான் சொல்லும் எல்லாச் சோதனைகளிலும் எடை பார்ப்பதுதான் முதல். தொங்கு தராசு கிடைக்காவிட்டால் குளியலறைத் தராசு இரண்டை முன்னும் பின்னும் வைத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். லேசர் உடல் 59 இருக்கவேண்டியது 62, 63 காட்டினால் பரவாயில்லை, பழைய ரிப்பேர்களின் எடையாக இருக்கும். 68, 70 என்று போனால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வெயிலில் காய வைத்தால் போகும் என்று விற்பவர் சொல்வார். டெக்கில் துளை வெட்டி, மாதக்கணக்கில் காற்றோட்டம் கொடுத்தாலும் முழுதாகப் போவதில்லை. காற்றில் தனியாக நிமிர்த்தும்போது அந்தப் பத்து கிலோவும் உங்கள் கைக்குத்தான் வரும்.

அடுத்தது பாய்மரம் செருகும் குழி. லேசரில் காற்றின் விசை முழுவதும் அந்தக் குழியில்தான் வந்து இறங்குகிறது. குழிக்குள் மணல் தங்கினால் பாய்மரம் சுழலும்போதெல்லாம் அடிப்பகுதி தேயும். நம் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லையே. குழியை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பிவிட்டு, மற்ற வேலையைப் பாருங்கள். அரைமணி கழித்து மட்டம் இறங்கியிருந்தால் குழி உள்ளே கசிகிறது. இது வெறும் கசிவு இல்லை. ஒருநாள் பலத்த காற்றில் பாய்மரம் டெக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். குழியைச் சுற்றி டெக்கில் மயிரிழை விரிசல்கள் வட்டமாக ஓடியிருந்தாலும் அதே நோய்தான்.

மூன்றாவது, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்டிய விளிம்பு. முன்பக்கக் காற்றுத் துளையை டேப்பால் அடைத்துவிட்டு, பின்பக்க வடிகால் துளை வழியாகக் காலால் மிதிக்கும் பம்பில் மெதுவாகக் காற்று கொடுங்கள். விளிம்பு, பலகை இறங்கும் பெட்டி, சுக்கான் மாட்டும் திருகுகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். கம்ப்ரஸரை மட்டும் கொண்டுவராதீர்கள். பஞ்சர் கடையில் இருந்து ஒருவர் கொண்டுவந்து, நல்லா இருந்த ஒட்டையும் பிளந்துவிட்டுப் போனார்.

பிறகு நாணயம். டெக்கிலும் அடியிலும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்கு விட்டுப்போன இடம் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். ஆள் உட்காரும் ஓரத்தை முழங்காலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது.

புதுப் பெயின்ட் அடித்த பழைய படகு என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு வந்த படகு பளபளவென்று இருந்தது. விற்றவர், "தம்பி, இதைக் கடல்ல எறக்கவே இல்ல, ஷெட்லதான் இருந்தது" என்றாராம். நாணயத்தால் தட்டியபோது முன்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குச் சத்தம் மாறியது. சுரண்டிப் பார்த்தால் சுவருக்குப் போடுகிற மாதிரி பட்டி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே விரிசல் அப்படியே இருந்தது. ஃபைபர் ரிப்பேர் என்றால் விரிசலின் இரு பக்கமும் சரிவாகத் தேய்த்து, ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் அடுக்கடுக்காக வைத்து ஏற்ற வேண்டும். பட்டி வெறும் முகப்பூச்சு. கீறலும் வடுவும் தெரிகிற, பெயின்ட் அடிக்காத படகை நான் அதைவிட நம்புவேன், ஏனென்றால் அது எதையும் மறைக்கவில்லை.

கழிகளுக்கு வருவோம். பாய்மரத் துண்டுகளைத் தட்டையான தரையில் உருட்டுங்கள், வளைந்திருந்தால் துள்ளும். அலுமினியத்தில் ஸ்டீல் ரிவெட் அடித்த இடத்தில் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். வெள்ளைத் தூள் பூத்திருந்தால் நகத்தால் சுரண்டி, கீழே குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசரின் மேல்துண்டு ஒடிகிற இடம் பெரும்பாலும் அந்த ரிவெட் துளைதான்.

பாய் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சென்னை வெயிலில் துணிக்கு முன்னால் தையல் செத்துப்போகும். தையல் நூலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தால் அறுந்து வருகிறதா? அப்படியானால் அந்தப் பாய்க்கு விலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். இழுபட்டுத் தொளதொளத்த பெரிய பாயைவிட நல்ல நிலையில் உள்ள சின்னப் பாய் பலத்த காற்றில் வேகமாகவே போகும். தொளதொளத்த பாயில் வயிறு பின்பக்கம் போய்விடுகிறது, படகு முன்னால் போவதற்குப் பதிலாகச் சாய்கிறது. கயிறு, கப்பி எல்லாம் மாற்றிக்கொள்ளலாம், அதற்காகப் படகை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் ஒரு மோட்டார் படகு நிற்க, நீங்களே வேண்டுமென்றே கவிழ்த்து, நீங்களே பலகையில் ஏறி நிமிர்த்த வேண்டும். ஒருமுறை போதாது, மூன்று முறை செய்யுங்கள். முதல்முறை எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். மூன்றாவது முறை கை நடுங்கும்போதுதான் உண்மை தெரியும். முடிந்ததும் கரையேற்றி வடிகால் மூடியைத் திறங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் சரி. பாதி வாளி வந்தால் விலையைக் குறைப்பதா வேண்டாமா என்று யோசிக்காதீர்கள், விட்டுவிட்டு வாருங்கள்.

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதையும் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தடுப்புச்சுவருக்குள் காற்று இருக்கும், அலை இருக்காது. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. ஆனால் அது துறைமுக எல்லை, நினைத்தபோது படகைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது, அனுமதி வேண்டும். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் கப்பல் வருகிற பாதை. முகத்துவாரத்தில் மணல்மேடு எங்கே இருக்கிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். அங்குள்ள மீனவரிடம் கேட்காமல் போகவே கூடாது. நீரோட்டம் வன்னியா தெண்டியா, அதாவது வடக்கிலிருந்து வருகிறதா தெற்கிலிருந்து வருகிறதா என்பதை அவர்கள் தண்ணீரைப் பார்த்தே சொல்வார்கள். எதிர்நீரோட்டத்தில் லேசரில் தனியாகத் திரும்பி வருவது பெரும்பாடு.

பழவேற்காடு ஏரி பலருக்கும் ஆசை. பரந்த தண்ணீர், நல்ல காற்று. ஆனால் ஆழம் பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. லேசரின் பலகையை முழுதாக இறக்கினால் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். அது செங்குத்தாகச் செருகும் பலகை, தரை தட்டினால் மடங்காது, பெட்டியைப் பிளக்கும். கவிழ்ந்தால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அங்கேதான் ஓட்டப்போகிறேன் என்பவருக்குத் தரை தட்டினால் தானாக மேலே மடங்குகிற பலகையுள்ள படகு தேவை. எண்டர்பிரைஸ், ஜி.பி.14இல் அது உண்டு. முன்பாயைக் கழற்றிவிட்டு, காற்று மெதுவாக உள்ள நாளில், துணைக்கு ஆளோடு போகலாம். ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிர்காப்பு ஜாக்கெட்டும் விசிலும், தண்ணீர் புகாத உறையில் போனும் இல்லாமல் இறங்காதீர்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் போனில் போட்டு வையுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தினமும் அலை, காற்று பற்றிய முன்னறிவிப்பு தருகிறது, அதைப் பார்க்காமல் காலையில் பாயை எடுக்காதீர்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். பாயை இழுக்கும் கயிற்றைக் கையில் வைத்திருங்கள், தனியாக இருக்கும்போது அதைக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பூட்டில் மாட்டாதீர்கள்.

வாங்குவதற்கு எது நல்ல காலம் என்று கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் பாருங்கள். ஈரம் குறைந்திருக்கும், ரெசின் ஒழுங்காக இறுகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் ஒவ்வொரு ஃபைபர்காரன் கையிலும் விசைப்படகு வேலை குவிந்திருக்கும். உங்கள் சின்னப் படகின் குழியைச் சரிசெய்யக் கூப்பிட்டால், "ஜூன் கடைசில வா சார்" என்பார்கள். அதற்குள் கடற்காற்றின் நல்ல மாதங்களில் பாதி போய்விடும். ஆகவே வாங்கியவுடன் செய்யவேண்டிய ரிப்பேர்களை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். விலை பேசும்போதே அந்தச் செலவையும் கழித்துச் சொல்லுங்கள்.