கணக்கில் பணம் போனால் யார் பொறுப்பு? 3 நாள், 7 நாள் விதி

நீங்கள் செய்யாத பரிவர்த்தனையில் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் அந்த இழப்பு யார் தலையில் விழும் என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் சுற்றறிக்கை மூலம் விதி வகுத்தது. கார்டு, நெட் பேங்கிங், மொபைல் பேங்கிங் எல்லாமே இதில் அடக்கம். போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறவர்கள், உரிமையோடு கேட்டு வாங்க வேண்டிய பணத்தையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

வங்கியின் கவனக்குறைவு அல்லது ஊழியரின் உடந்தை என்றால், நீங்கள் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் முழு இழப்பும் வங்கியுடையது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, கார்டு விவரம் நடுவில் எங்கோ கசிந்தது என்றால்தான் நாள் கணக்கு வருகிறது. 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உங்கள் பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000, அதற்கு மேற்பட்ட லிமிட் என்றால் 25,000. போன தொகை இதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை மட்டும். 7 நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

நாளை எண்ணுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பணம் போன நேரத்திலிருந்து அல்ல, வங்கியின் தகவல் உங்களுக்கு வந்ததிலிருந்து எண்ண வேண்டும். வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. வெள்ளி இரவு எஸ்எம்எஸ் வருகிறது, மறுநாள் இரண்டாம் சனி என்று வையுங்கள். சனியும் ஞாயிறும் கணக்கில் இல்லை; திங்கள் முதல் நாள், புதன் மூன்றாம் நாள். அதற்காகப் புதன்வரை காத்திருப்பது மடத்தனம்.

சிக்கலான இடம் இனிமேல்தான். ஓடிபியையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது முழுக்க உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். கார்டை நகலெடுத்துத் திருடிய காலத்துக்கு இந்த விதி கச்சிதமாகப் பொருந்தியது. இப்போதைய மோசடிக்காரரோ கேஒய்சி புதுப்பிப்பு, பார்சலில் போதைப்பொருள், டிஜிட்டல் கைது என்று மிரட்டி உங்கள் விரலாலேயே பின்னை அழுத்த வைக்கிறார். அப்போது வங்கி கையை விரிப்பது எளிது.

ஆனால் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான். சரியான ஓடிபி பதிவாகியிருக்கிறது என்பதால் மட்டும் அதை நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று ஆகிவிடாது. உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கி, ஓடிபியை அதில் பெற்றிருக்கலாம். போனில் திடீரென்று சிக்னல் செத்துப்போயிருந்தால், சிம் மாற்றப்பட்ட தேதியையும் நேரத்தையும் தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிப் புகாரோடு இணையுங்கள்.

பணம் போனது தெரிந்ததும் கார்டின் பின்புறமுள்ள எண்ணில் அழைத்து முடக்கச் சொல்லுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. புகார் எண்ணை, பதிவான தேதி நேரத்தோடு கேட்டு வாங்குங்கள். அடுத்து, சைபர் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் தகவல் போனால், பெற்ற கணக்கில் அதை நிறுத்திவைக்க முடியும். 1930-ல் சொன்னதையே வங்கிக்குச் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். இரண்டும் தனித்தனி. எழுத்துப் புகாரில் தொகை, நேரம், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட் இருக்கட்டும்.

புகார் செய்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியிட்டு. 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். 30 நாட்களில் பதிலே இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் கிடையாது.

உங்கள் பான் எண்ணைக் காட்டி வேறொருவர் கடன் வாங்கியிருந்தால் இந்த விதி உதவாது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தெரியாத கடன் தென்பட்டால் அங்கேயே ஆட்சேபணை பதியுங்கள். 30 நாட்களில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.