ஷாப்பிங் மாலை ஒட்டி வீடு: ஜெனரேட்டர் புகை யார் ஜன்னலுக்கு?

சென்னையில் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் ஒரு திட்டம். முன்னால் கடைகள், உணவகங்கள், தியேட்டர் சேர்ந்த ஐந்து தளக் கட்டடம், அதை ஒட்டி இரண்டு குடியிருப்புக் கோபுரங்கள், பின்பக்கம் ஐடி அலுவலகம். அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் கணக்கு கச்சிதமாக இருந்தது. புகைக்குழாய் உயரத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் ஒன்று உண்டு: ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்தின் உயரத்தோடு, அதன் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 1,000 கேவிஏ என்றால் 6.3 மீட்டர். கடைக் கட்டடம் 20 மீட்டர், ஆக 26.3 மீட்டர். சரி.

அப்புறம் பக்கவாட்டு வரைபடத்தை விரித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 26 மீட்டர் உயரத்தில் பக்கத்துக் கோபுரத்தின் எட்டாவது மாடிப் படுக்கையறை ஜன்னல் இருந்தது. கரன்ட் போகும் ஒவ்வொரு முறையும் டீசல் புகை நேராக அந்த வீட்டுக்குள் போகும், ஆனால் விதிப்படி எந்தத் தப்பும் இல்லை! கட்டுமான நிறுவனத்துக்காரர் ரொம்ப நேரம் முணுமுணுத்தார். கடைசியில் ஜெனரேட்டரை அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் நகர்த்தி, குழாயை அதன் மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோனார்கள். ஏழெட்டு கார் நிறுத்தும் இடம் போனது, அதுதான் அவருக்கு வருத்தம்.

கடை, வீடு, ஆபீஸ் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே பாஸாகிவிடும், வில்லங்கமெல்லாம் அவை ஒட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது, அந்த இடத்துக்கு அறிக்கையில் அத்தியாயமே கிடையாது. இந்த வகை வளாகங்களுக்கு நான் எதிரி இல்லை. கீழே கடை மேலே வீடு என்பது மயிலாப்பூரில் எப்போதிருந்தோ இருப்பதுதான், நடந்துபோய்க் காய்கறி வாங்க முடிந்தால் அந்த அளவுக்கு வண்டி குறையும். ஆனால் 'வண்டி குறையும்' என்று அறிக்கையில் எழுதிவிட்டு, வண்டிகளை எப்போது எண்ணினார்கள் என்று பார்த்தால், வாரநாள் காலை. சனிக்கிழமை இரவு இரண்டு திரைகளில் படம் ஒரே நேரத்தில் விட்டு, நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே வாசல் வழியாக சர்வீஸ் சாலைக்கு வரும் அந்த இருபது நிமிடம் யாருடைய அட்டவணையிலும் இல்லை.

சட்டப்படி, 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ், கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். 1,50,000 சதுர மீட்டர் அல்லது 50 ஹெக்டேர் நிலம் என்று போனால் நகரியம் என்ற வகைக்குள் வந்து முழு மதிப்பீட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். முடிவெடுப்பது பொதுவாக மாநில அளவிலான ஆணையம். பலருக்குத் தெரியாத விஷயம், இந்தக் கட்டட வகைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. பக்கத்துத் தெருக்காரர் திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது பெரும்பாலும் தகரத் தடுப்பு வந்த பிறகுதான்.

தண்ணீருக்கு வருவோம். வீட்டுக்கு ஒரு நபருக்கு நாளைக்கு 135 லிட்டர், அலுவலகத்துக்கு 45 லிட்டர் என்று போட்டுக் கூட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவை முடிவு செய்கிறார்கள். உணவகங்களின் எண்ணெய் இந்தக் கணக்கில் வராது. ஒரு வளாகத்தில் நாற்றம் தாங்கவில்லை என்று கூப்பிட்டதால் போய் மூடியைத் திறந்தால், தொட்டியின் மேல் சோப்புக்கட்டி போல வெள்ளையாக உறைந்த கொழுப்பு, ஒரு சாணுக்குக் குறையாது. எண்ணெய் பிரிக்கும் தொட்டி வரைபடத்தில் இருந்தது, கட்டும்போது அந்த இடத்தில் ஒரு ஜூஸ் கடை வந்துவிட்டது. கொழுப்பு மூடிய தொட்டியில் காற்று சரியாகக் கலக்காது, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சாகும், பிறகு கறுப்பாக வரும் நீரைத்தான் மேலே குடியிருப்பவர்கள் ஃப்ளஷ் தொட்டியில் பார்க்கிறார்கள்.

சுத்திகரித்த நீர் மிஞ்சினால் தோட்டத்துக்கு என்று எல்லா அறிக்கையிலும் எழுதியிருக்கும். நவம்பரில் தோட்டத்துக்கு எதற்குத் தண்ணீர்? பாதாளச் சாக்கடை வராத பகுதி என்றால் அது லாரியில் போக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியில் மழைநீர் வடிகாலுக்குள். எது நடக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் என்றதும் இன்னொன்று. அடிப்படைத் தரவு, அதாவது திட்டம் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருக்கிறது என்ற அளவுகள், மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், மூன்று மாதம் எடுத்தால் போதும் என்பது வழக்கம், பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. அந்த வெயிலில் நிலத்தடி நீர்மட்டம் எங்கோ கீழே இருக்கும், காலி மனை காய்ந்து வெடித்துக் கிடக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி இதுதான் பெரிய ஏமாற்று. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழிகிற நீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைத் தொட வேண்டும். 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் அந்தச் சதுப்பு நிலம். அதன் ஓரத்தில் ஒரு ஹெக்டேர் மனையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் 83 லோடு. மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கு இறங்கும், கொஞ்சம் தேங்கும். கான்கிரீட் போட்டு, மனையையும் ஐந்தடி உயர்த்திவிட்டால், அத்தனையும் பள்ளத்தில் இருக்கும் பழைய வீடுகளுக்குத்தான். திட்டத்தின் மனையில் வெள்ளம் வராது என்று அறிக்கை சொல்வது அதனால் உண்மைதான்!

கார் நிறுத்த நிலத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளம் தோண்டுவதும் இதே மண்ணில்தான். பள்ளத்தில் ஊறும் நீரை மாதக்கணக்கில் மோட்டார் வைத்து இறைப்பார்கள், சுற்றியுள்ள கிணறு இறங்கும், கடலோரமென்றால் உப்பு ஏறும் அபாயம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் கட்டுமானத்துக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

(சுற்றி 10 கிலோமீட்டரில் என்னென்ன பறவை என்று பத்துப் பக்கம் எழுதும் அறிக்கைகள், பின்தெருவின் வடிகால் அகலம் எத்தனை அடி என்று ஒரு வரி எழுதுவதில்லை. இது என் தீராத எரிச்சல்.)

சத்தம்? 2000-ஆம் ஆண்டு விதிகளில் குடியிருப்புக்கு பகலில் 55, இரவில் 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65, 55. கலப்புப் பகுதியை தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதி என்ற நான்கு வகைகளில் ஏதாவது ஒன்றாக அறிவிக்கலாம் என்று விதியே சொல்கிறது. அறிக்கை தயாரிப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். ஏசிக்கான கூலிங் டவர் ஓயாமல் ஓட, சூப்பர் மார்க்கெட்டுக்கு நள்ளிரவில் லாரி ரிவர்ஸ் எடுக்க, மூன்றாவது மாடியில் கைக்குழந்தை தூங்க வேண்டும்.

இப்படி ஒரு வளாகத்தில் வீடு பார்க்கிறீர்கள் அல்லது பக்கத்தில் குடியிருக்கிறீர்கள் என்றால், மாதிரி வீட்டைப் பார்ப்பதற்கு முன் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் அனுமதிக் கடிதத்தைத் தேடுங்கள். எத்தனை மாடி, எவ்வளவு பரப்பு என்பதை விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள். அனுமதியில் ஆட்சேபம் இருந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரைதான். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அனுமதி வாங்கிய நிறுவனம் நிபந்தனைகளைப் பின்பற்றுவது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், விண்ணப்பித்தால் யாருக்கும் கொடுத்தாக வேண்டும். கிடைத்ததும் எண்களுக்குப் போகாதீர்கள், முதலில் அளவெடுத்த தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நான் கடைசியாகப் பார்த்த ஒன்றில் தியேட்டர் வாசலில் சத்தம் அளந்தது செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு.