சிக்னலில் என்ஜின் நிற்கவில்லையா? சந்தோஷப்படாதீர்கள்

இந்த வாரமும் ஒரு கார் கயிறு கட்டித்தான் பட்டறைக்கு வந்தது. "காலையில செல்ஃப் எடுக்கல, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஓனர். சிக்னலில் என்ஜின் தானாக நின்று கிளம்புமே, அது வேலை செய்ததா என்று கேட்டேன். "அது நின்னு ரெண்டு மாசமாச்சு சார், தொல்லை விட்டதுன்னு இருந்தேன்."

அந்த இரண்டு மாதமும் பேட்டரி சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நிறுத்தினால் திரும்பக் கிளப்பச் சார்ஜ் போதாது என்று தெரிந்தால் கார் என்ஜினை நிறுத்தாது. ஏசிக்கு அதிக வேலை இருந்தாலும், என்ஜின் சூடாகாவிட்டாலும், பெல்ட் போடாவிட்டாலும்கூட நிறுத்தாது, அதனால் சித்திரை வெயிலில் ஒருநாள் நிற்கவில்லை என்று பதற வேண்டாம். காலை குளிர்ச்சியில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு, ஏசியை அணைத்து, பெல்ட் போட்டபடி முழுசாக நிறுத்திப் பாருங்கள் (கியர் வண்டி என்றால் நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்டுவிட்டு). நாலைந்து நாள் பார்த்தும் நிற்கவில்லையென்றால் பேட்டரியை லோட் டெஸ்ட் (பளு கொடுத்துச் சோதிப்பது) செய்யுங்கள். வெறும் வோல்ட் மீட்டரில் 12.6 காட்டுகிறது என்று திருப்திப்பட்டால் ஏமாந்து போவீர்கள்.

அப்புறம் அந்தப் பழைய புலம்பல். "அடிக்கடி நின்னு நின்னு ஸ்டார்ட் ஆனா செல்ஃபும் என்ஜினும் தேஞ்சிடும்ல?" எத்தனை தடவைதான் சொல்வது! இந்த வண்டிகளில் போடும் செல்ஃப் மோட்டாரே அதிகத் தடவை கிளப்புவதற்கென்று பலமாகச் செய்தது. சில மைல்டு ஹைப்ரிட் (என்ஜினுக்குத் துணையாகச் சின்ன மின் மோட்டார் இருக்கும்) வண்டிகளில் செல்ஃபுக்கு அந்த வேலையே கிடையாது, ஆல்டர்னேட்டர் இடத்தில் இருக்கும் மோட்டார் பெல்ட் வழியாக என்ஜினைச் சுற்றிவிடும். என்ஜின் அதிகம் தேய்வது ராத்திரி முழுக்க நின்று ஆயில் கீழே இறங்கிய பிறகு காலையில் கிளப்பும்போது. சிக்னலில் ஒரு நிமிடம் நிற்கும்போது ஆயில் சூடாக, பேரிங்கிலேயேதான் இருக்கிறது. நெரிசலில் எரிச்சலாக இருந்தால் இதற்கென்று இருக்கும் பட்டனை அமுக்கி இந்த வசதியை அணையுங்கள், நானும் அணைப்பேன். ஆனால் யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று பேட்டரி நெகட்டிவில் இருக்கும் சென்சாரைப் பிடுங்குவதும், பானெட் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றுவதும் வேண்டவே வேண்டாம். முன்னதால் பேட்டரியின் நிலை தெரியாமல் சார்ஜிங் தடுமாறும், பின்னதால் பானெட் எப்போதும் திறந்தே இருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும்.

பேட்டரி மாற்றும்போதுதான் பெரிய கூத்து. இந்த வண்டிகளுக்கு அடிக்கடி கிளப்புவதைத் தாங்கும் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரிதான் வரும். சில ஆயிரம் மிச்சம் என்று அதே ஆம்பியரில் சாதா பேட்டரியைப் போட்டால் அது சீக்கிரமே படுத்துவிடும். வோல்டேஜ் இறங்கினதும் மீட்டரில் ஸ்டீயரிங், ஏ.பி.எஸ்., லேன் அசிஸ்ட் (வண்டி கோடு தாண்டாமல் பார்த்துக்கொள்வது) என்று விளக்குகள் வரிசையாக எரியும். உடனே கேமரா போச்சு, ராடார் போச்சு என்று யாராவது பெரிய பில் போடுவார்கள். முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனரில் பதியவும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஏ.ஜி.எம்.மைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாதீர்கள், அது ஊற்றுகிற பேட்டரியே இல்லை. இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் செய்யும்போது கறுப்பு கேபிளை நேராக நெகட்டிவில் மாட்டாமல் மேனுவலில் காட்டியிருக்கும் எர்த் இடத்தில் மாட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சிக்னலில் என்ஜின் சத்தம் இல்லையென்றால் வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து இறங்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றினால், கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலது பீப் அடித்துவிட்டு அப்படியே நிற்கும், சிலதில் என்ஜின் திரும்பக் கிளம்பிவிடும். கூலன்ட் பார்க்க, வைப்பர் தண்ணீர் ஊற்ற பானெட்டைத் தூக்கப் போகிறீர்களா? பார்க்கிங்கில் போட்டு (கியர் வண்டி என்றால் நியூட்ரலில்), ஹேண்ட் பிரேக் இழுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யும் பட்டனை அமுக்கி (சாவி வண்டி என்றால் சாவியைத் திருப்பி) மீட்டர் முழுசாக அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கையை உள்ளே விடுங்கள்.